மினிசைன்: ரப்பர் கடைக் கணக்கு மென்பொருளுக்கு முத்திரை போடும் கருவி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கமுள்ள ரப்பர் கடைகளுக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து அதைப் பராமரிப்பதுதான் என் தொழில். ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை, பாலின் டிஆர்சி (அதில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்), அன்றைய விலை, வாங்கிய முன்பணம் கழித்துக் கைக்கு எவ்வளவு, இவ்வளவையும் அது கணக்குப் போட்டு பில் அடிக்கும். இப்போது 38 கடைகளில் ஓடுகிறது. நான் கொடுத்தனுப்பும் கோப்பில் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டுவதற்கு இரண்டு வருடமாக மினிசைன் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஏன் அரை குறைகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் இது எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலம், பால் எடுக்கும் வெட்டு சரியாக நடக்காத நாட்கள், கடைகளில் வேலை குறைவு. அருமனை பக்கத்து வியாபாரி ஒருவர் போன் பண்ணினார். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. "மக்கா, ஒனக்க சாமானம் போட்ட பிறகுதான் இந்த கம்ப்யூட்டர் இப்படி ஆச்சு" என்றார். போய்ப் பார்த்தால் எந்த நிரலைத் திறந்தாலும் இழுக்கிறது, பென்டிரைவ் செருகினால் உள்ளே இருக்கிற போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறுகிறது. அவர் போட்ட செட்டப் பைலை எடுத்து என் மடிக்கணினியில் இருந்த மூலக்கோப்புடன் ஒப்பிட்டேன். பெயர் அதே, படம் அதே, பதிப்பு எண் அதே, அளவு மட்டும் சுமார் 100 கேபி கூடுதல். நிரல்களை ஓட்டும் எக்ஸீ (.exe) கோப்புகளுக்குள் நுழைந்து உட்காரும் வகை வைரஸ். அவர் அதை என்னிடமிருந்து வாங்கவில்லை, பக்கத்துக் கடையிலிருந்து பென்டிரைவில் வாங்கியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, ஆனால் "இது நான் கொடுத்தபடி இல்லை" என்று அவர் கண்முன்னால் காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்டுக்காரரும் சின்னத் தோட்டக்காரரும் அந்த பில்லை நம்பித்தான் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

முதலில் செய்தது, ஒவ்வொரு பதிப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) கணக்கிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. 64 எழுத்து. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுவதும் வேறாகிவிடும், அதெல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் புது எண், ஒவ்வொரு முறையும் அது என்னிடமிருந்துதான் வந்தது என்று கடைக்காரர் நம்ப வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் மேலே போய்விட்ட செய்தியைத் தேட வேண்டும். கோப்பும் எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் மோசம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இணையதளத்தை உடைத்தவர்கள் பதிவிறக்க இணைப்பைத் தங்களுடைய பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள்ளேயே புகுந்தவனுக்கு அதே பக்கத்தில் இருக்கும் எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

மினிசைன் போடும் மின்னணுக் கையொப்பம் இங்கேதான் வேறாகிறது. ஒப்பமிட என்னிடம் ஒரு தனிச்சாவி, அந்த ஒப்பத்தைச் சோதிக்கக் கடைக்காரர்களிடம் அதற்கு இணையான பொதுச்சாவி. பொதுச்சாவியை ஒரே ஒரு முறை நல்ல வழியில் சேர்த்துவிட்டால் போதும், அதன்பிறகு எத்தனை பதிப்பு வந்தாலும், எந்தப் பென்டிரைவில் எந்த ஊர் சுற்றி வந்தாலும், அதை வைத்தே சோதிக்கலாம்.

இதைக் கடைகளில் சொல்லிப் புரியவைக்க நான் தராசைத்தான் காட்டுவேன். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை போட்டாக வேண்டும் என்பது எந்த ரப்பர் கடைக்காரருக்கும் தெரியும். ஈயமும் கம்பியும் வைத்துப் போட்ட அந்த முத்திரை அறுந்திருந்தால், உள்ளே ஒன்றுமே மாறாமல் இருந்தாலும் அந்தத் தராசில் நிறுக்கக் கூடாது. செட்டப் பைலுக்கும் அதே மாதிரி ஒரு முத்திரை என்றதும் ஒருவர்கூட மறுபடி விளக்கம் கேட்கவில்லை.

சரி, கருவிக்கு வருகிறேன். மினிசைனை எழுதியவர் பிராங்க் டெனிஸ், லிப்சோடியம் என்ற குறியாக்க நூலகத்தை எழுதியவரும் இவர்தான். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் 2014-ல் வந்த சிக்னிஃபை என்ற கருவியோடு ஒத்துப்போகும்படி செய்திருக்கிறார். உள்ளே இருப்பது ஈடி25519 கையொப்ப முறை. விண்டோஸில் ஒரே ஒரு எக்ஸீ கோப்பு, நிறுவ ஒன்றும் இல்லை, நகல் எடுத்து வைத்தால் முடிந்தது. சாவி உண்டாக்க ஒரு கட்டளை, ஒப்பமிட ஒன்று, சோதிக்க ஒன்று. முன்பு இதே வேலைக்கு ஜிபிஜி என்ற வேறொரு கருவியை ஒரு மாதம் முயன்று பார்த்தேன். அது பெரிய கருவி, மின்னஞ்சலுக்கும் சேர்த்துச் செய்தது, சாவிக்குள் சாவி, நம்பிக்கை அளவு என்று பல கேள்வி கேட்கும். எனக்கு வேண்டியது இந்த ஒரு வேலைதான்.

பொதுச்சாவி 56 எழுத்துதான், ஒரே வரி. இது எவ்வளவு பெரிய வசதி என்று பிறகுதான் புரிந்தது. தனிச்சாவியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியே கிடையாது, அதனால் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். ஒப்பமிட்டதும் கோப்புக்குப் பக்கத்தில் நாலு வரி உள்ள சின்னக் கோப்பு ஒன்று உருவாகும். மூலக்கோப்பைத் தொடாது. இரண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், பலர் முதலில் பெரியதை மட்டும் நகலெடுத்துவிட்டு "சோதிக்க முடியவில்லை" என்றார்கள், இப்போது இரண்டையும் ஒரே போல்டரில் போட்டே கொடுக்கிறேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நம்பகக் குறிப்பு என்ற அந்த மூன்றாவது வரி. நாம் என்ன எழுதினாலும் அதற்கும் சேர்த்து ஒப்பம் விழும். ஒன்றும் எழுதாவிட்டால் நேரத்தையும் கோப்பின் பெயரையும் தானே போட்டுக்கொள்ளும். இது ஏன் முக்கியம் என்றால், பழைய பதிப்பும் என் கையொப்பம் உள்ளதுதான். விலை திருத்தம் சரியாக விழாத ஒரு பழைய பதிப்பை யாராவது பெயரை மட்டும் மாற்றி "புதுசு" என்று கொடுத்தால் கையொப்பச் சோதனையில் தேறிவிடும். இப்போது அந்த வரியில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், தேதி மூன்றையும் எழுதுகிறேன். சோதித்து முடிந்ததும் அதைத் திரையில் காட்டும், கடைக்காரர் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுவுவார். திருவட்டாரில் ஒரு கடையில் இப்படித்தான் ஒரு பழைய கோப்பு பிடிபட்டது.

ஆனால் முதல் வரியிலும் ஒரு குறிப்பு இருக்கும், அதற்குக் கையொப்பப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் நோட்பேடில் திறந்து அதை மாற்றலாம், சோதனை அப்போதும் தேறும். கருவி அதை நம்பத்தகாத குறிப்பு என்றே பெயர் போட்டுத்தான் எழுதுகிறது, என்றாலும் புதிதாக வருபவர் அதை நம்பிவிட வாய்ப்பு உண்டு. அந்த வரியே இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு குறை, எல்லாம் கறுப்புக் கட்டளைத் திரைதான். கடைக்காரரைக் கட்டளை தட்டச் சொல்ல முடியாது. அதனால் கட்டளைகளைத் தானே ஓட்டும் ஒரு சின்ன பேட்ச் (.bat) கோப்பு எழுதினேன், செட்டப் பைலை இழுத்து அதன்மேல் போட்டால் சரியாக இருந்தால் திரை பச்சை, மாறியிருந்தால் சிவப்பு. அப்புறம்தான் யோசித்தேன், கணினியில் ஏற்கெனவே வைரஸ் இருந்தால் சோதிக்கும் கருவியையே அது மாற்றிவிடுமே. அதனால் மினிசைன், பேட்ச் கோப்பு, பொதுச்சாவி மூன்றையும் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடியில் பதித்துக் கொடுத்திருக்கிறேன். நம் ரப்பர் கடைக் கணினிகளில் பாதிக்கு மேல் இன்னும் சிடி டிரைவ் இருக்கிறது. கணினியின் இயங்குதளமே கெட்டுப் போயிருந்தால் இதுவும் போதாது, அப்படிச் சந்தேகம் வந்தால் என் மடிக்கணினியைக் கொண்டுபோய் அதில் சோதித்துக் காட்டுகிறேன்.

அரை மதிப்பெண் குறைந்தது முக்கியமாக இதற்கு: சாவிக்குக் காலாவதி கிடையாது, ரத்து செய்யவும் வழி கிடையாது. நாளைக்கு என் தனிச்சாவி களவு போனால் 38 கடைக்கும் ஆள் போய்ச் சொல்ல வேண்டியதுதான். 38 என்றால் பைக்கில் இரண்டு நாளில் முடிக்கலாம். ஆயிரம் பேருக்கு மென்பொருள் கொடுப்பவர் வேறு ஏற்பாடு பார்க்கட்டும்.

விண்டோஸுக்கும் இந்தக் கையொப்பம் தெரியாது. நிறுவும்போது "வெளியிட்டவர் யார் என்று தெரியவில்லை" என்று எச்சரிக்கத்தான் செய்யும். அது போக வேண்டுமானால் சான்றிதழ் நிறுவனத்திடம் மென்பொருள் ஒப்பச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் தனிச்சாவி பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் பென்டிரைவ் மாதிரி இருக்கும் யூஎஸ்பி டோக்கனில் வரும். மார்த்தாண்டத்தில் ஒருவர் "ஆடிட்டர் ஜிஎஸ்டிக்குக் குத்துகிற டோக்கனை வைத்துப் போட முடியாதா" என்று கேட்டார். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது ஆவணங்களில் ஒப்பமிடக் கொடுத்த சான்றிதழ், மென்பொருளுக்கு ஒப்பமிடலாம் என்ற அனுமதி அதில் எழுதியிருக்காது. வருமானம் கூடினால் அந்தச் சான்றிதழையும் வாங்குவேன், அப்போதும் மினிசைனை விட மாட்டேன்.

எந்தக் கருவியாலும் ஆகாத ஒன்றும் உண்டு. 2017-ல் கணினியைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் என்ற மென்பொருளின் 5.33 பதிப்பு, அதைச் செய்த நிறுவனத்தின் சரியான கையொப்பத்தோடுதான் வெளிவந்தது, ஆனால் ஒப்பமிடும் முன்பே உள்ளே தீங்கு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. முத்திரை போடுகிற ஆளின் பட்டறைக்குள்ளேயே கள்ளன் இருந்தால் முத்திரை என்ன செய்யும்? அதனால் மென்பொருளை உருவாக்குவதற்கென்று ஒரு கணினியைத் தனியாக ஒதுக்கிவிட்டேன், அதில் இணையம் கிடையாது, தனிச்சாவி ஒரு பென்டிரைவில் இருக்கிறது, ஒப்பமிடும் நேரம் தவிர அதைச் செருகுவதில்லை.

கடைசியாக, பொதுச்சாவியைக் கொண்டு சேர்ப்பது. என் அனுபவத்தில் மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. மென்பொருளோடு சேர்த்து அனுப்பினால் அர்த்தமே இல்லை, கோப்பை மாற்றுகிறவன் சாவியையும் மாற்றித் தன்னுடையதை வைத்துவிடுவான். சிடியை நான் நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அதோடு என் பில் புத்தகத்தின் அடியிலும், வருடா வருடம் கடைகளுக்குக் கொடுக்கும் காலண்டரிலும் அந்த 56 எழுத்தை அச்சடிக்கிறேன். சுவரில் தொங்குகிற காலண்டரை எந்த வைரஸும் மாற்ற முடியாது, சிடி தொலைந்துபோனால்கூட அதைப் பார்த்துத் தட்டிக்கொள்ளலாம். முதல் வருடம் அச்சகத்தில் கையால் தட்டினார்கள், பெரிய ஓ இருந்த இடத்தில் சுழியம் விழுந்துவிட்டது, புரூப் பார்க்கும்போது பிடித்தேன். இப்போது கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டச் சொல்கிறேன், பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டமும் போடுகிறேன். அருமனை அண்ணாச்சி கடையில் அந்தக் காலண்டர் தராசுக்கு நேர் மேலே தொங்குகிறது, புதுப் பதிப்பு போகும்போதெல்லாம் சிடியில் இருக்கிற சாவியின் கடைசி ஆறு எழுத்தைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறார்.