அக்கவுண்ட் மாறியதும் ஃபைல்களைக் காணோம்: மீட்க எந்த வழி முதலில்?

"தம்பி, பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா எல்லாமே புதுசா இருக்கு. டெஸ்க்டாப்ல குப்பைத்தொட்டி மட்டும்தான் உட்கார்ந்திருக்கு."

டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் லேப்டாப்போடு வந்து நின்றார். இரண்டு வருடத்துக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் அத்தனையும் அந்த டெஸ்க்டாப்பில்தான். பென் டிரைவில் தப்பிக் கிடந்த ஒரே ஒரு பத்திரிகையைத் திறந்து காட்டினார். மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி ஃபான்ட்டும் போயிருந்தது. பதற்றத்தில் ஏதோ வீடியோ பார்த்து ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி, அதே சி டிரைவில் இன்ஸ்டால் செய்து, பாதி ஸ்கேனும் ஓட்டியிருந்தார்.

ஃபான்ட் போனதுதான் எனக்குத் துப்பு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டைச் சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடும். கணினிக்குப் பொதுவாக இருக்காது. ஃபைலும் ஃபான்ட்டும் வால்பேப்பரும் ஒன்றாக மறைந்தால் ஆள் மாறியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைக்கவேண்டும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அக்காவின் மின்னஞ்சல் முகவரியில் முதல் ஐந்து எழுத்தைப் பெயராகக் கொண்டு ஒரு ஃபோல்டர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து விண்டோஸை அமைத்தால் அப்படித்தான் பெயர் வைக்கும். பக்கத்திலேயே டெம்ப் என்று இன்னொன்று: யூசரின் ப்ரொஃபைல், அதாவது அவருடைய ஃபைல்களும் அமைப்புகளும், திறக்காதபோது விண்டோஸ் தரும் தற்காலிக ப்ரொஃபைல். முதல் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸைப் பார்த்தேன். 41 ஜிபி. "அக்கா, உங்க பொருள் எல்லாம் வீட்டிலேயே இருக்கு. நீங்கதான் பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கீங்க" என்றேன்.

விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை, எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால் அறிகிறது. அக்கவுண்டை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்று போட்டாலும் எண் புதிதுதான். ஒரே பெயரில் இரண்டு பேர், ரேஷன் கார்டு எண் வேறு என்பது போல. அதனால் எந்த வழி நல்ல வழி என்று கேட்பதற்கு முன், ஃபைல் இடம் மாறியிருக்கிறதா, உண்மையிலேயே அழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் வகைக்கு ஏற்ற மருந்து இரண்டாம் வகைக்குப் பயன்படாது. இரண்டாம் வகை மருந்தை முதல் வகைக்குக் கொடுத்தால் வீண் வேலை.

ஃபோல்டரைத் திறப்பதா, ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவதா

இடம் மாறிய ஃபைலுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அட்மின் அக்கவுண்டில் நுழைந்து பழைய யூசர் ஃபோல்டரைத் திறப்பது. உனக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். கன்டினியூ கொடுத்தால் அனுமதி சேர்ந்து திறக்கும். திறப்பதற்கு முன் ப்ராப்பர்டீஸ் பார்த்தால் 0 பைட்ஸ் என்று காட்டலாம். அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தவர்கள் உண்டு. உள்ளே போக உரிமை இல்லாததால் அளவு தெரியவில்லை, அவ்வளவுதான். பிறகு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளி டிரைவுக்குக் காப்பி செய்யவேண்டும். கட் பேஸ்ட் கூடாது. யூசரின் அமைப்புகள் இருக்கும் ஆப்டேட்டாவையும் என்டியூசர்.டேட் ஃபைலையும் அப்படியே அள்ளிப் புது அக்கவுண்டில் கொட்டினால் புதுசும் கெட்டுப்போகும்.

இரண்டாவது வழி, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடம். அங்கே ஒவ்வொரு எஸ்ஐடிக்கும் ஒரு கீ இருக்கும். தற்காலிக ப்ரொஃபைலில் விழுந்த கணினியில் பெரும்பாலும் ஒரே எண் இரண்டு முறை தெரியும்; ஒன்றின் வாலில் .பிஏகே ஒட்டியிருக்கும். அந்த வால் உள்ளதுதான் பழைய ஆள். போலியை ஒதுக்கி, வாலை நீக்கி, மறுபடி லாகின் செய்தால் ஃபான்ட், வால்பேப்பர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும்.

ஃபோல்டர் வழியில் ஃபைல்கள் மட்டும்தான் வரும். பிரவுசர் பாஸ்வேர்டுகள் பழைய அக்கவுண்டின் சாவியால் பூட்டப்பட்டவை. காப்பி செய்தாலும் திறக்காது. ரெஜிஸ்ட்ரி வழி வீட்டையே திருப்பித் தரும், ஆனால் கை தவறினால் லாகினே ஆகாது. அதோடு, அக்கவுண்டை அழித்துப் புதிதாகப் போட்டவருக்கு அது உதவாது. யாராவது ஒன்றைத்தான் சொல் என்றால் நான் ஃபோல்டர் வழியைத்தான் சொல்வேன். அக்காவுக்கு மட்டும் இரண்டையும் செய்தேன்: முதலில் 41 ஜிபியும் வெளி டிரைவுக்கு, அப்புறம்தான் ரெஜிஸ்ட்ரி. பாமினி திரும்பி வந்தது, மாப்பிள்ளை பெயரும் தமிழுக்கு வந்தது.

இரண்டு வழியும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இஎஃப்எஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய ஃபைல்கள். ஐகானில் சின்னப் பூட்டு தெரியும். அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் பழைய சான்றிதழ் இல்லாமல் திறக்காது.

ஒன்டிரைவா, ஃபைல் ஹிஸ்டரியா, விண்டோஸ்.ஓல்டா

மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து லோக்கல் அக்கவுண்டுக்கு மாறியவர்களுக்கு வேறு ஒரு குழப்பம் வரும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் உண்மையான டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். இணைப்பை எடுத்ததும் விண்டோஸ் வேறொரு காலி டெஸ்க்டாப்பைக் காட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்க்டாப். முதலில் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்டிரைவைத் திறந்து பார்க்கவேண்டும், பிறகு பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தை. அங்கேயும் அழித்திருந்தால் அதன் குப்பைத்தொட்டி தனிப்பட்ட அக்கவுண்டுக்கு 30 நாள் வைத்திருக்கும், அலுவலக அக்கவுண்டுக்கு 93 நாள். ஆனால் இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பிய பிறகு சேமித்தது எதுவும் மேலே போயிருக்காது. எல்லாம் கிளவுடில் இருக்கிறது என்று நம்பி லோக்கலை அழிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஃபைல் ஹிஸ்டரி 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. வெளி டிரைவைக் கொடுத்துவிட்டால் மணிக்கொரு முறை பிரதி எடுக்கும். நேற்று மதியம் இருந்த வடிவத்தைக்கூடத் திருப்பித் தரும். தரத்தில் ஒன்டிரைவை விட இதுதான் மேல். ஆனால் முன்பே போட்டு வைத்தவருக்குத்தான்.

விண்டோஸ் பதிப்பு மாறிய பின் காணாமல் போனதென்றால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரைப் பாருங்கள், அதற்குள் ஒரு யூசர்ஸ் இருக்கும். ஆனால் வழக்கமாக 10 நாள்தான், அப்புறம் விண்டோஸே துடைத்துவிடும். அப்டேட்டே ஃபைலைத் தின்றதும் நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான அந்த 1809 அப்டேட், டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டர்களைக் காலி என்று எண்ணி அழித்தது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, நவம்பர் 13-இல் திருத்தி விட்டது. புகார் செய்தவர்கள் 0.01 சதவீதம்தான் என்றார்கள். ஃபைலை இழந்தவருக்கு அது நூறு சதவீதம்.

உண்மையிலேயே அழிந்தால்

செட்டிங்ஸ் வழியாக ஒரு யூசரை நீக்கினால் டிலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா என்று ஒரே பொத்தான். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினால் கீப் ஃபைல்ஸ் என்று ஒன்று கேட்கும். கொடுத்தால் அந்த ஆளின் பெயரில் ஒரு ஃபோல்டர் நம் டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் உண்டு, டவுன்லோட்ஸ் கிடையாது. வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறக்கிய ரசீதும் ஸ்கேனும் அங்கேதானே கிடக்கும்.

பொத்தானை அழுத்தியாயிற்று என்றால் இனிதான் ரெக்கவரி சாஃப்ட்வேர். எந்த சாஃப்ட்வேர் என்பதை விட எந்த டிஸ்க் என்பதுதான் முக்கியம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் உடனே அணைத்து, கழற்றி, இன்னொரு கணினியில் மாட்டித் தேடினால் நிறையவே கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் என்ற கட்டளை அழித்த இடத்தைச் சீக்கிரமே வெறுமையாக்கிவிடும். அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேரும் காசுதான் வாங்கும்.

இலவசத்தில் மூன்று. ரெக்குவா சுலபம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி 2020-இல் வந்தது. கட்டளை தட்டத் தெரிந்தவருக்கு. ஃபோட்டோரெக் மூன்றிலும் பிடிவாதக்காரன், அதிகம் தோண்டும், ஆனால் ஃபைல் பெயர்களைத் தராது. பெயரில்லாத ஆயிரக்கணக்கான படங்களில் மருமகளின் வளைகாப்பைத் தேடும் பொறுமை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டதை அதே டிரைவில் சேமிக்கக் கூடாது. லேபுக்கு அனுப்புவது டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் மட்டும்.

அக்கா கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கப் போன நேரம், "இன்னைக்குக் காலையில ஏதாவது டைப் பண்ணுனீங்களா அக்கா?" என்று கேட்டேன். தற்காலிக ப்ரொஃபைலில் செய்த வேலை லாக் ஆஃப் ஆனதும் அழிந்துவிடும். நல்லவேளை, அவர் லேப்டாப்பை அணைக்காமல் மூடி எடுத்து வந்திருந்தார். டெம்ப் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு ஃபைல், காது குத்து அழைப்பிதழ். பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன்.

"அதுதான் தம்பி அவசரம்," என்றார். "சாயங்காலம் ஆறு மணிக்கு டெலிவரி."