அடுத்த வேட்பாளரை விலைபேசும் செயலி: எட்டு மாதப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்பீடு

நியூஜெர்சி மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்திருப்பவன் நான். 2028-ல் ஜனநாயகக் கட்சி யாரை அதிபர் வேட்பாளராக நிறுத்தப்போகிறது என்பதில் எனக்கு வாக்கு கிடையாது. ஒரு கட்சியில் பதிவு செய்தவர் மற்றக் கட்சியின் பிரைமரி தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநில வாரியாக நடக்கும் முதல்கட்டத் தேர்தல்) வாக்களிக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. வாக்கு இருப்பவர்களுக்கும் ஜூன் மாதத்தில்தான் முறை வரும்; அதற்குள் போட்டி பெரும்பாலும் முடிந்திருக்கும். இருந்தும் அடுத்த அதிபராகக்கூடிய இருவரில் ஒருவரை அந்தக் கட்சிதான் தேர்ந்தெடுக்கிறது என்பதால், அது யாராக இருக்கும் என்ற கேள்வியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. தொலைக்காட்சி விவாதங்கள் அலுத்துப்போன நிலையில்தான், 300 டாலர் போட்டு ஒரு கணிப்புச் சந்தைச் செயலியில் கணக்குத் தொடங்கினேன். நான் சொல்லும் குறைகள் என் ஒரு கணக்கில் நேர்ந்தவை என்பதால் செயலியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவைகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே முறையில்தான் இயங்குகின்றன.

முறை எளிது. ஒவ்வொரு அரசியல்வாதியின் பெயருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அவர் வேட்பாளரானால் ஒப்பந்தத்திற்கு ஒரு டாலர், ஆகாவிட்டால் ஒன்றுமில்லை. இன்று அது 20 சென்டுக்கு விலைபோனால், அவருக்கு நூற்றுக்கு இருபது வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று பொருள். இது புதிய யோசனையும் அல்ல. அயோவா பல்கலைக்கழகம் 1988-லேயே இப்படி ஒரு சந்தையை ஆய்வுக்காகத் தொடங்கி, ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாதபடி வரம்பும் வைத்தது. 2024 செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கால்ஷி என்ற கணிப்புச் சந்தை நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அக்டோபரில் அதை நிறுத்திவைக்க மறுத்த பிறகுதான், தேர்தல் ஒப்பந்தங்கள் அமெரிக்காவில் பெரிய அளவில் வெளிப்படையாக விற்பனைக்கு வந்தன.

இந்தச் செயலி எனக்குச் செய்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சியின் வேட்பாளரைப் பற்றி ஊகிக்கும்போது, நாம் அஞ்சும் ஒருவரையோ, இவர் வந்தால் நமக்கு எளிது என்று விரும்பும் ஒருவரையோதான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். கணக்குத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் ஓர் ஆளுநரின் பெயரில் 100 ஒப்பந்தங்களை 24 சென்ட் வீதம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். ரயிலில் தினமும் உடன் வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜனநாயகக் கட்சிக்காகத் தெருத்தெருவாக வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். என் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்கள் பயப்படுகிற ஆளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். எங்கள் கட்சிக்காரர்கள் யாரை விரும்புகிறார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான். சொந்தப் பணம் 24 டாலர் அதில் கிடந்ததால்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. வெறும் பேச்சாக இருந்திருந்தால் ஒரு பதில் சொல்லிக் கடந்துபோயிருப்பேன்.

இது என் ஒருவனின் பிழை அல்ல என்பதற்கு வரலாறே சான்று. 1980-ல் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஆட்களில் பலர் ரொனால்டு ரீகனைத் தோற்கடிப்பது எளிது என்று நம்பி, அவரே எதிரணியின் வேட்பாளராக வரவேண்டும் என்று விரும்பினார்கள். வந்தவர் 44 மாநிலங்களை வென்றார். 2016-ல் டொனால்டு டிரம்ப் வேட்பாளரானால் வெற்றி உறுதி என்று ஜனநாயகக் கட்சியினர் பலர் எண்ணியதும் அதே பிழைதான். எதிர்க்கட்சியை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அக்கட்சித் தொண்டரின் மனம் தெரிவதில்லை. பொதுத்தேர்தலை மனத்தில் வைத்து நாம் கணக்குப் போடும்போது, அவர்கள் தங்கள் தலைவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் செயலி காட்டும் விலையே அந்த மனத்தின் அளவுகோல் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். எட்டு மாதம் கவனித்ததில் என் முடிவு இது: தேர்தலுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது இந்த விலை பெரிதும் அளப்பது ஒருவரின் பிரபலத்தை. நான் வாங்கிய ஆளுநரின் பேட்டித் துணுக்கு ஒன்று ஒருநாள் மாலை சமூக ஊடகங்களில் பரவியது. இரவு ஒன்பது மணிக்கு 24 சென்டாக இருந்த விலை, நான் படுக்கப் போவதற்குள் 31 ஆகிவிட்டது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் 23. இடையில் அவருடைய கட்சியின் ஒரு பிரதிநிதியோ, ஒரு தொழிற்சங்கமோ, ஒரு மாநிலத் தலைவரோ அவர் பக்கம் சாயவில்லை. விலைக்கோட்டின் அந்த மேடு எதையும் முன்னறிவிக்கவில்லை. ஓர் இரவின் பேச்சைப் பதிவு செய்தது, அவ்வளவே.

முன்னணியில் இருப்பவர் என்ற சொல் எத்தனை பேரைக் கைவிட்டிருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். 2007-ன் பெரும்பகுதியிலும் தேசியக் கருத்துக்கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளின்டனும் குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானியும் முன்னால் இருந்தார்கள். 2008-ல் இருவருமே வேட்பாளராகவில்லை. 2022 நவம்பரில் ஃப்ளோரிடா ஆளுநர் தேர்தலில் சுமார் 19 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற ரான் டிசான்டிஸ், அதற்கடுத்த வாரங்களில் பந்தயச் சந்தைகளில் டிரம்பையே முந்தினார். 2024 ஜனவரி 21 அன்று, ஒரே ஒரு மாநிலம் வாக்களித்திருந்த நிலையில், போட்டியிலிருந்து விலகினார். 1991 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவை நியூ ஹாம்ப்ஷயருக்கு அழைத்துச் செல்ல ஆல்பனியில் விமானம் காத்திருந்தது. அவர் போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். அவர் ஏறியிருந்தால், அந்த முறை வேட்பாளராகி அதிபரும் ஆன பில் கிளின்டனின் கதை என்னவாகியிருக்கும் என்பதை எந்த விலையும் சொல்லியிருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2020 வேட்பாளர் போட்டியில் ஜோ பைடன் அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்தபோது சந்தைகள் அவரை ஏறக்குறைய கைகழுவிவிட்டன. பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் செல்வாக்குமிக்க கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு தெரிவித்தார். 29 அன்று தென் கரோலினாவில் பைடன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். போட்டியாளர்களான பீட் புட்டிஜெட்ஜும் ஏமி குளோபுசாரும் அடுத்தடுத்த நாள்களில் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் 10 அவருக்குக் கிடைத்தன. தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் யாரை நம்புகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் அந்தப் பிப்ரவரியில் மிக மலிவாக வாங்கியிருக்கலாம். அந்த அறிவு விலைப்பட்டியலுக்குள் இல்லை.

இன்னொரு குறை கணக்கு சார்ந்தது. ஒருநாள் மாலை பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களின் விலையையும் கூட்டிப்பார்த்தேன். 118 சென்ட் வந்தது. வேட்பாளர் ஒருவர்தான் என்பதால் மொத்தம் 100-ஐ ஒட்டி இருக்கவேண்டும். இந்தக் கூடுதல் பெரும்பாலும் அடிவரிசையில் ஒளிந்திருக்கிறது. போட்டியிடமாட்டேன் என்று பலமுறை சொல்லிவிட்டவர்களும், அரசியலுக்கே வராத நட்சத்திரங்களும் அங்கே மூன்று நான்கு சென்ட் விலையில் இருக்கிறார்கள். 'ஆகமாட்டார்' என்ற ஒப்பந்தத்தை 97 சென்டுக்கு வாங்கி ஏன் இதைச் சரிசெய்யக்கூடாது என்று கேட்கலாம். இரண்டரை ஆண்டுக்கு மேல் பணத்தை முடக்கினால் கிடைப்பது மூன்று சென்ட், அதிலும் சேவைக் கட்டணம் போகும். வங்கி வைப்பே அதைவிட அதிகம் தரும். பணத்தைப் பூட்டிவைக்க யாருக்கும் மனம் வராததால் தவறான விலை தவறாகவே நிற்கிறது. ஆகவே ஐந்து சென்டுக்குக் கீழே உள்ள எந்தப் பெயரையும் நான் இப்போது கருத்தில் கொள்வதில்லை. அந்தப் பகுதியில் வாங்குபவர் 4 சென்ட் கேட்க, விற்பவர் 7 சென்ட் சொல்லும் இடைவெளியும் சாதாரணம். நுழைந்த கணமே நட்டம்.

செயலியின் பக்கத்தில் நான் தேடியும் கிடைக்காதவை தேர்தல் நாள்காட்டியும் கட்சி விதிகளும்தான். ஜனநாயகக் கட்சியில், மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் வாக்கு விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள். ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ 15 விழுக்காட்டை எட்டாதவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. எட்டுப் பேர் களத்தில் இருக்கும்போது இந்த ஒரு விதி யாரைக் காப்பாற்றும், யாரை அழிக்கும் என்பதுதான் முழு ஆட்டமும். முதலில் எந்த மாநிலம் வாக்களிக்கிறது என்பதும் அப்படியே. 2024-ல் அக்கட்சி அயோவாவைப் பின்னுக்குத் தள்ளித் தென் கரோலினாவை முதலிடத்தில் வைத்தது. வரிசை மாறினால் வாய்ப்பும் மாறும். செயலியோ மாநிலங்களின் பெயரைக்கூட எங்கும் காட்டுவதில்லை.

பட்டியலில் உள்ளவர்களின் பதவிக்காலங்களைக் கவனித்தாலே விலைக்கோட்டைவிட அதிகம் தெரிகிறது. கலிஃபோர்னியாவின் கேவின் நியூசமும் மிச்சிகனின் கிரெட்சன் விட்மரும் 2027 ஜனவரியில் ஆளுநர் பதவியை விட்டு இறங்கவேண்டியவர்கள். அதன் பின் அவர்களுக்கு நாடு சுற்ற நேரம் இருக்கும், ஆனால் கையில் அரசு இருக்காது. பென்சில்வேனியாவின் ஜோஷ் ஷபிரோவுக்கும் இல்லினாயின் ஜே.பி. பிரிட்ஸ்கருக்கும் 2026-ல் மறுதேர்தல். அங்கே பெறும் வாக்கு வித்தியாசமே அவர்களுடைய முதல் விளம்பரம். புட்டிஜெட்ஜ் மிச்சிகனின் செனட் இடத்துக்கும் ஆளுநர் பதவிக்கும் நிற்கப்போவதில்லை என்று 2025 மார்ச்சில் சொன்னதையும், கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலை ஜூலையில் மறுத்ததையும், அதிபர் போட்டிக்கான வாசலை அடைக்காமல் வைக்கும் செயல்களாகவே நான் படித்தேன். டிரம்ப் 30 புள்ளி வித்தியாசத்தில் வென்ற கென்டக்கியில் ஆளுநராக இருக்கும் ஆண்டி பெஷியரைப் பற்றி ரயில் நண்பரிடம் கேட்டபோது, "எங்கள் ஆட்களுக்கு அவரைப் பிடிக்கும் அண்ணா, ஆனால் இன்னும் பழக்கம் இல்லை" என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு மாத விலைக்கோட்டைவிடப் பயன்பட்டது.

விதிப்பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பணம் போடுபவர்கள் அதைத்தான் படிப்பதில்லை. 2024-ல் பைடன் பிரைமரிகளை வென்று பெரும்பான்மைப் பிரதிநிதிகளைப் பெற்றார். ஜூலை 21 அன்று விலகினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பில் ஹாரிஸ் வேட்பாளரானார். 'பிரைமரியில் வெல்பவர்' என்றும் 'கட்சியின் வேட்பாளர்' என்றும் எழுதப்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள் அந்த ஆண்டில் இரு வேறு விடைகளைத் தந்திருக்கும். நான் பயன்படுத்திய செயலியில், கட்சி முறைப்படி அறிவிக்கும் வேட்பாளரே விடை என்று இருந்தது. மாநாட்டுக்குப் பின் அவர் விலகினாலோ இறந்தாலோ என்ன ஆகும் என்று இல்லை. 1972-ல் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன் மாநாட்டுக்குப் பின் விலகி, கட்சியின் தேசியக் குழு வேறொருவரைத் தேர்ந்தெடுத்த முன்னுதாரணம் இருப்பதால் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. எழுதிக் கேட்டேன். ஆறு நாள் கழித்து வந்த பதில், நான் ஏற்கனவே படித்த விதியையே திரும்ப ஒட்டி அனுப்பியிருந்தது. மீண்டும் எழுதினேன், இன்றுவரை விடை இல்லை. பிறருடைய பணத்தை 2028 வரை வைத்திருக்கும் ஒரு சேவைக்கு இது பெருங்குறை.

மற்றவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. கணக்குத் தொடங்குவது அரைமணி வேலை. திரை தெளிவாக இருக்கிறது, கட்டணம் வாங்கும் முன்பே காட்டப்படுகிறது. பணத்தைத் திரும்ப எடுக்க ஒன்பது நாள் ஆனது. கைப்பேசிக்கு வரும் விலை அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள்; அவை நம்மை வாங்கவும் விற்கவும் தூண்டுவதற்காகவே வருபவை, ஒன்றில்கூட அதுவரை எனக்குத் தெரியாத செய்தி இருந்ததில்லை.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். சம்பாதிக்க நினைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன்; கடன் உள்ளவரும், பந்தயத்தில் கை நிற்காதவரும் அருகிலேயே போகவேண்டாம். எதிர்க்கட்சியை நேர்மையாகப் புரிந்துகொள்ள விரும்புபவர், இழந்தால் வருந்தாத ஒரு சிறு தொகையோடு, அந்தக் கட்சியைச் சேர்ந்த ஒரு நண்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் பலன் உண்டு. நான் முதலில் வாங்கிய 100 ஒப்பந்தங்களை 22 சென்டுக்கு விற்றுவிட்டேன். 300-ல் 250 டாலரைத் திரும்ப எடுத்தாயிற்று. மீதியில், நண்பர் "இன்னும் பழக்கம் இல்லை" என்று சொன்னவரின் பெயரில் கொஞ்சம் வாங்கிவைத்திருக்கிறேன். 2026 இடைக்காலத் தேர்தல் (அதிபரின் பதவிக்கால நடுவில் வரும் காங்கிரஸ் தேர்தல்) முடியும்வரை அதைத் தொடுவதாக இல்லை.