வீட்டு வாசலை அழகுபடுத்தித் தருகிறேன் என்று வருகிற ஆள்: சேலத்தில் வீடு விற்பவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் வீடு விற்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்வாசலில் கை வையுங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கும் அப்பாவின் வீட்டுக்கு விற்பனைப் பலகை மாட்டியதுமே தரகர் ஓர் ஆளை அழைத்து வந்தார். "வாசல் பொட்டலாகக் கிடக்கிறது அக்கா. புல்லும் பேவர் பிளாக்கும் போட்டுவிட்டால் பார்க்கிறவன் மூன்று லட்சம் கூட்டியே கொடுப்பான்" என்றார் அந்த ஆள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வேலை மளமளவென்று முடிந்தது. முடியாமல் என்ன? பாதி வேலையைச் செய்யவே இல்லையே. பேவர் பிளாக் பதிப்பதென்றால் மேல்மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி பரப்பி, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் மணல் விரித்துத்தான் கல்லை வைக்க வேண்டும். கல் நகராமலிருக்க ஓரத்தில் கான்கிரீட் அணைப்பும் வேண்டும். இவரோ இருந்த மண்மேலேயே கிரஷர் தூளைக் கொட்டி, பலகையால் இழுத்துவிட்டுக் கல்லை அடுக்கினார். ஓர அணைப்பு கிடையாது. தெருவைப் பார்த்து இருக்க வேண்டிய வாட்டம் வாசற்படியைப் பார்த்து இருந்தது. கேட்டதற்கு, "மண் அமர்ந்தால் சரியாகிவிடும் அக்கா" என்றார். மண் அமர்ந்தது என்னவோ உண்மைதான். மாமாவின் கார் ஏறி இறங்கிய தடத்தில் மட்டும் இரண்டு விரற்கடை அமர்ந்தது.

செடிகள் இன்னொரு கூத்து. ஏற்காட்டிலிருந்து இறக்கியவை என்று ஹைட்ரேஞ்சியாவையும் பெரணியையும் வரிசையாக நட்டார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி சேலத்துச் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? வீடு பார்க்க ஆள் வரும்வரை நின்றால் போதும் என்பது அவர் கணக்கு. வாடிப்போன ஒன்றைப் பிடுங்கினேன். கறுப்புப் பாலித்தீன் பையோடு கையில் வந்தது. நர்சரிப் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருண்டு கிடந்தது. மற்றவற்றையும் பிடுங்கிப் பார்த்தேன், எல்லாம் அதே லட்சணம். மல்கோவா ஒட்டு என்று பில்லில் 900 ரூபாய் எழுதிய மாங்கன்றின் தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பே இல்லை. கொட்டை போட்டு முளைத்த கன்று அது. சேலத்துக்காரியிடமே மாங்கன்றில் ஏமாற்றுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்! புல் பாய்க்கு அடியில் எருவுக்குப் பதில் செங்கல் துண்டுகள். புல் காய்ந்தது, கோரை மட்டும் செழித்தது.

இவ்வளவும் பணத்தோடு போகும். பொறுக்க முடியாதது வேறு. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அப்பா முன்வாசலில் ஒரு தொட்டி தோண்டினார். கூழாங்கல்லும் மணலும் அடுக்கி, மாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் வழியே அதில் விட்டிருந்தார். இந்த ஆட்கள் அதன் மூடியைக் கழற்றி, உடைந்த கல், சிமென்ட் பை, செடிப் பை என்று மிஞ்சிய குப்பையையெல்லாம் உள்ளே திணித்து, மேலே கல்லைப் பதித்துவிட்டார்கள். பில்லில் "கழிவு அகற்றிய கூலி 6,000" என்று ஒரு வரி வேறு.

கோடை மழை ஒன்று கொட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாடித் தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழாய் இணைப்பில் பீறிட்டது. வாட்டம்தான் வாசற்படியைப் பார்த்து இருக்கிறதே, நிலைப்படி தாண்டித் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. மறுநாள் வீடு பார்க்க வந்த பெரியவர் சுவரின் ஈரக்கோட்டைக் கண்டதும், "மழைநீர்த் தொட்டி எங்கே அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். கல்லைப் பெயர்த்துக் காட்டினோம். விலையில் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒப்பந்தக்காரர், "தோட்ட வேலைக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது அக்கா" என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. தரகருக்கும் இதில் பங்கு உண்டென்று வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் சொன்னார். தரகரிடம் கேட்டேன், மறுக்கவில்லை. "ஊரில் எல்லாரும் வாங்குவதுதானே" என்றார்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இதே மாதிரி ஆளிடம் வேலை கொடுத்தவர்கள் அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் இருந்தால், கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பு ஒன்று, பெயர்த்த பிறகு ஒன்று என்று தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் தொட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.