குறைந்த விலைக் கைத்துப்பாக்கி: புதிய மலிவு ரகமா, காவல் துறை கழித்த பழையதா?

அமெரிக்காவில் 400 டாலருக்குள் ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. மலிவு விலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட புதிய பிஸ்டலை வாங்கலாம். அல்லது காவல் துறைகள் ஆயுதம் மாற்றும்போது வணிகர்களிடம் கழித்துவிடும் பழைய பிஸ்டலை வாங்கலாம். விலை ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், விலை இறங்கியதற்கான காரணம் இரண்டிலும் வேறு. எதைக் குறைத்து இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்காமல், தோட்டா எண்ணிக்கையையும் எடையையும் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இக்கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடந்த காலமே சாட்சி. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சிறிய, மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு அத்தடை பொருந்தவில்லை. அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ரேவன், லார்சின், டேவிஸ், பிரைகோ போன்ற நிறுவனங்கள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து பிஸ்டல்களைச் செய்து குவித்தன. பிரைகோவின் 38 என்ற மாடலில், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பாகத்தை, பின்னால் இழுக்க வேண்டுமானால், முதலில் பாதுகாப்புப் பூட்டை விலக்கியாக வேண்டும். 1994இல் அப்படித் தோட்டாவை அகற்ற முயன்றபோது குண்டு பாய்ந்து, 7 வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தான். 2003இல் நடுவர் குழு அளித்த இழப்பீட்டுத் தீர்ப்பை அடுத்து அந்நிறுவனம் திவாலானது. பொருளின் தரத்தில் மிச்சம்பிடிப்பது வேறு, பாதுகாப்பில் மிச்சம்பிடிப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கு இல்லை.

இன்றைய புதிய ரகங்களில் மிகவும் மலிவானவற்றில் ஒன்று ஓஹையோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயிண்ட் சி9. சுமார் 200 டாலருக்குக் கிடைக்கும். இதன் ஸ்லைடும் துத்தநாகக் கலவைதான். மேலும், குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பு இதில் கிடையாது. தோட்டா வெடிக்கும் உந்துதலைப் பெரும்பாலும் ஸ்லைடின் கனமே தாங்குகிறது. அதனால்தான் 8 தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் இந்தத் துப்பாக்கி தோட்டா இல்லாமலே 820 கிராம் எடை இருக்கிறது. சுத்தம் செய்ய ஸ்லைடைக் கழற்ற வேண்டுமானால் ஒரு பின்னைத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். எத்தனை கை மாறியிருந்தாலும் நிறுவனம் ஆயுள் முழுவதும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருகிறது என்பது இதன் பெரிய பலம். வீட்டில் வைத்துக்கொள்ள இது போதும். இடுப்பில் செருகிச் செல்ல ஏற்றதல்ல.

டாரஸ் ஜி2சி சற்றுக் கூடுதல் விலையில் 12 தோட்டாக்களும் 3.2 அங்குலக் குழலும் தருகிறது. தோட்டா வெடிக்காமல் போனால், ஸ்லைடை இழுக்காமலே விசையை (டிரிகரை) மறுபடி அழுத்திப் பார்க்கலாம். எனினும் கீழே விழுந்தால் சுட்டுவிடும் என்ற குற்றச்சாட்டின் பேரில், பிடி-111 உள்ளிட்ட 9 பழைய மாடல்களுக்காக இதே நிறுவனம் 2015இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சமரச உடன்பாட்டுக்கு வந்தது. ஆகவே டாரஸில் பழையதை மலிவாகத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கினால் புதியதையே வாங்க வேண்டும்.

ருகர் இசி9எஸ் விலை குறைந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தனியாகப் பொருத்தும் குறிமுனைகளுக்குப் பதிலாக, ஸ்லைடின் எஃகிலேயே அவற்றைச் செதுக்கிவிட்டார்கள். இயங்கும் பாகங்கள் பெரும்பாலும் விலை கூடிய எல்சி9எஸ் மாடலுடையவையே. 490 கிராம் எடையில் 7 தோட்டாக்கள் என்பது உடலோடு வைத்துக்கொள்பவருக்கு வசதி, ஆனால் இவ்வளவு இலேசான துப்பாக்கியின் பின்னுதைப்பு புதியவரின் கையை விரைவில் சோர்வடையச் செய்யும். 2023 வரை தயாரான ஸ்மித் அண்ட் வெஸன் எஸ்டி9 விஇ முழு அளவுத் துப்பாக்கி. அதில் குறை சொல்ல வேண்டுமானால் விசையை அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும், அவ்வளவே.

இவற்றோடு ஒப்பிடும்போது காவல் துறை கழித்த குளோக் 22 வேறு வகையான மலிவு. 1986இல் மயாமியில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் உயிரிழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு வலிமையான தோட்டாவுக்கான தேடல் தொடங்கி, 1990இல் .40 காலிபர் (0.40 அங்குல விட்டமுள்ள) தோட்டா வந்தது. நாடெங்கும் காவல் துறைகள் அதைச் சுடும் குளோக் 22 போன்றவற்றுக்கு மாறின. பின்னர் 9 மில்லிமீட்டர் தோட்டாக்களின் தரம் உயர்ந்ததும் எஃப்பிஐ மறுபடி அதற்கே திரும்ப, மற்றத் துறைகளும் பின்தொடர்ந்தன. அதனால்தான் புதிதாக 500 டாலருக்கு மேல் போகும் குளோக், பழையதாக 300 டாலர் அளவில் கிடைக்கிறது. இங்கே விலையைக் குறைத்தது தயாரிப்பில் செய்த சிக்கனமல்ல, தோட்டாவின் மவுசு குறைந்தது மட்டுமே.

இத்தகைய துப்பாக்கியின் ஸ்லைடு முனையிலும் விளிம்புகளிலும் உறையில் உரசிக் கருமை போயிருக்கும். அது பெரும்பாலும் தோற்றக் குறைதான். உறையில் இருந்த நேரம் மிகுதி, சுட்ட நேரம் குறைவு என்பதே பல காவல் துறைத் துப்பாக்கிகளின் நிலை. இரவில் ஒளிரும் குறிமுனைகள் மங்கியிருக்கலாம், ஏனெனில் அவற்றை ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தின் ஒளி 12 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகிவிடும். பின்னுதைப்பு ஸ்பிரிங்கையும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் உறை) ஸ்பிரிங்குகளையும் வாங்கியவுடனே மாற்றிவிடுவது நல்லது, செலவு அதிகமில்லை. குளோக்கைக் கழற்றுவதற்கு முன் விசையை அழுத்தியாக வேண்டும் என்பதால், மேகசினை எடுத்துவிட்டு தோட்டா அமரும் உள்ளறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதவர் இதைத் தொடக்கூடாது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது என்பதால், இதன் 15 தோட்டா மேகசின் அங்கே செல்லாது.

வெளிமாநிலக் கடையில் மலிவாகக் கண்டாலும், கைத்துப்பாக்கி உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற வணிகரிடம்தான் வந்து சேரும். 21 வயது நிறைந்தவர் மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே அதைப் பெற முடியும். அந்த வணிகரின் கட்டணத்தையும் சேர்த்தால் 20 டாலர் வித்தியாசம் பல நேரங்களில் காணாமல் போகும். அதைவிடப் பெரிய செலவு தோட்டா. .40 தோட்டா 9 மில்லிமீட்டரைவிட விலை கூடியது, பின்னுதைப்பும் அதிகம். ஆகவே மாதந்தோறும் பயிற்சிக்களத்துக்குப் போக எண்ணுபவருக்கு, குளோக் 22இல் மிச்சமாகும் பணம் சில மாதங்களிலேயே தோட்டாவுக்குப் போய்விடும். அவர் எஸ்டி9 விஇ போன்ற 9 மில்லிமீட்டர் துப்பாக்கி வாங்குவதே கணக்குக்குச் சரிவரும். ஆண்டுக்குச் சில முறை மட்டும் பயிற்சி செய்து, மற்ற நேரம் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கு, 300 டாலரில் அந்தப் பழைய குளோக்குக்கு ஈடாகப் புதியது எதுவும் இல்லை.