உப்புக்காற்றில் சவுண்ட் கார்டு: ராமநாதபுரம் கடற்கரை ஹாம்களுக்கு எது கைகொடுக்கும்?

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், கம்ப்யூட்டரை வைத்து நடத்தும் முறைகள் பல: எஃப்டி8 (மங்கிய சிக்னலிலும் போகும் குறுஞ்செய்தி), பிஎஸ்கே31 (தட்டச்சு உரையாடல்), எஸ்எஸ்டிவி (படம்), ஏபிஆர்எஸ் (இருப்பிடத் தகவல்). எந்த முறையாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். கம்ப்யூட்டர் எழுப்பும் ஓசை ரிக்குக்கு, அதாவது ரேடியோ கருவிக்குப் போக வேண்டும், ரிக் பிடிக்கும் ஓசை கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். இடையில் இருப்பது சவுண்ட் கார்டு. எந்த சவுண்ட் கார்டு, எந்த இணைப்பு என்பதில்தான் புதிதாக உரிமம் வாங்கியவர்கள் தடுமாறுகிறார்கள். பலரும் முதலில் கேட்பது "16 பிட் போதுமா, 24 பிட் வேண்டுமா?" என்றுதான்.

போதும். 16 பிட் கார்டு கணக்குப்படி 96 டெசிபல் வரை ஏற்ற இறக்கம் காட்டும். நாம் கொடுப்பதோ ரிக்கின் ஏஜிசி ஏற்கெனவே சமன் செய்து அனுப்பும், மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவான அகலமுள்ள ஓசை. எஃப்டி8 சிக்னல் அதில் 50 ஹெர்ட்ஸ் இடம்தான் எடுக்கிறது. இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடந்தாலும் மென்பொருள் அதைப் படித்துவிடும். 48,000 சாம்பிள் வீதத்தில் ஓடும் எந்தச் சாதாரண கார்டும் இதற்குத் தாங்கும். ஆகவே ஒலித்தரத்தை வைத்து ஒப்பிடுவது வீண்வேலை.

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் உட்கார்ந்து ஒப்பிடும்போது நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். ரிக்கும் கம்ப்யூட்டரும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரிந்திருக்கின்றனவா? உப்புக்காற்றை எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போனால் இங்கேயே, நம் கையாலேயே சரிசெய்ய முடியுமா? மூன்றாவதுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். 1964 டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பன் பாலமும் சிதைந்து, ராமேஸ்வரம் தீவு தனித்துப்போனது. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் பழுதுபார்க்கும் கடை எங்கேயும் திறந்திருக்காது. நம் மேஜையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

முதல் வழி, இணைப்பே இல்லாதது. கைப்பேசியின் ஸ்பீக்கரை ரிக்கின் மைக்குக்கு அருகில் பிடிப்பது. 145.800 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையம் எஸ்எஸ்டிவி படம் அனுப்பும் நாட்களில் ஹேண்டியின் (கையடக்க ரேடியோவின்) ஒலியைக் கைப்பேசிக்குக் கேட்கவிட்டுப் படம் எடுக்க இது அழகாக உதவும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கரையோரக் காற்று மைக்கில் அடித்தால் படம் முழுக்கக் கோடு விழும். அனுப்புவதற்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் ஹெட்செட் ஜாக். செலவு ஒரு கேபிள்தான். அதனாலேயே எல்லோரும் இங்கிருந்து தொடங்குகிறார்கள், இங்கேயே சலித்தும் போகிறார்கள். லேப்டாப்பின் ஒலிவெளியீடு ஏறக்குறைய ஒரு வோல்ட் வரை போகும். ரிக்கின் மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நேராகச் செருகினால் ஓசை கிழிந்து பக்கத்து நிலையங்களின் மேல் விழும். நடுவில் 10 கிலோஓம், 100 ஓம் இரண்டையும் வைத்து நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மைக் ஊசியில் லேப்டாப் ஒரு சிறு டிசி மின்னழுத்தம் வைத்திருக்கும், அதைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு தொல்லைகள் மிச்சம். வாட்ஸ்அப் மணி அடித்தால் அதுவும் வானில் ஏறிப் போகும். இன்னொன்று மோசம்: இப்போது வரும் லேப்டாப்களில் பேச்சைத் தெளிவாக்க இரைச்சல் நீக்கும் வசதி தானாக ஓடுகிறது. அதன் கணக்கில் எஃப்டி8 ஓசையே இரைச்சல், நறுக்கி எறிந்துவிடும். ஒலி அமைப்புகளுக்குள் போய் மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்தால்தான் திரையில் நிலையங்கள் தெரியத் தொடங்கும்.

உப்பு இங்கே முதலில் கடிப்பதும் அந்த ஜாக்கைத்தான். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் உள்ளே உள்ள மெல்லிய தகடுகளில் பச்சை பிடித்துவிட்டால் ஒரு பக்கம் ஓசை வரும், ஒரு பக்கம் வராது. லேப்டாப்பைத் திறந்து ஜாக் மாற்றுவது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை.

மூன்றாவது, தனி யுஎஸ்பி சவுண்ட் கார்டு. விரல் நீளத்துக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதேதான். பலவற்றுக்குள் சிஎம்108 வகை சிப் இருக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே தனி டிரைவர் கேட்காமல் இதை அடையாளம் காணும். கம்ப்யூட்டரின் மணியோசை எல்லாம் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் போகும், ரேடியோவுக்கு இது தனியாக நிற்கும். எனக்குப் பிடித்தது இதைச் சுற்றி நாமே கட்டிக்கொள்ளும் சிறு பெட்டி. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு 600 ஓம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிடிடிக்கு (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் விசைக்கு) பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சிக்னல் கடத்தும் சிப்) ஒன்று, அதை ஓட்ட யுஎஸ்பி சீரியல் அடாப்டரின் ஆர்டிஎஸ் கம்பி. டிரான்ஸ்ஃபார்மர் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பழைய டயல்-அப் மோடம் கார்டு ஏதாவது பரணில் கிடந்தால் அதில் ஒன்று இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் இவ்வளவு முக்கியம்? லேப்டாப் ஒரு சார்ஜரில், ரிக் வேறொரு பவர் சப்ளையில் இருக்கும்போது இரண்டின் எர்த்தும் ஒன்றாகச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஓசைக்குள் நுழைகிறது. அனுப்பும்போது ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ரேடியோ சக்தி அதே கம்பி வழியே லேப்டாப்புக்குள் ஏறி மவுஸை உறைய வைக்கிறது, யுஎஸ்பியைத் துண்டிக்கிறது. நம் பக்கம் பனைமரத்தில் கட்டிய வயர் ஆன்டெனா வீட்டுக் கூரையை ஒட்டியே வந்து இறங்குவது சகஜம், அதனால் இந்தத் தொல்லையும் சகஜம். டிரான்ஸ்ஃபார்மர் உறுமலை அறுக்கும். கேபிளில் ஃபெரைட் வளையம் போட்டால் ரேடியோ சக்தி பெரும்பாலும் அடங்கும். இரண்டும் வேண்டும்.

மலிவு கார்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சாம்பிள் வேகம் சொன்ன அளவிலிருந்து சற்றே விலகி இருக்கலாம். எஃப்டி8க்கு அது தெரியாது. எஸ்எஸ்டிவி படம் சாய்ந்து வரும், மென்பொருளில் சாய்வைத் திருத்திக்கொள்ளலாம்.

ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ், யுபிட்எக்ஸ் ரிக்குகளை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த துணை கிடையாது. அவற்றுக்குள் சவுண்ட் கார்டு இல்லை, எப்படியும் வெளியே ஒன்று தேவை. பவரை மட்டும் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். எஃப்டி8 நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் 12.64 விநாடி இடைவிடாமல் முழுச் சக்தியில் அனுப்பும். பேச்சு போல மூச்சு விடாது. சித்திரை வெயிலில் கடைசி டிரான்சிஸ்டர் அதைத் தாங்க வேண்டும்.

நான்காவது, சிக்னாலிங்க் யுஎஸ்பி போன்ற ஆயத்தப் பெட்டி. சவுண்ட் கார்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஓசை வந்தால் தானாக ரிக்கை அனுப்பவைக்கும் சுற்று எல்லாம் ஒரே உலோகப் பெட்டிக்குள். முன்பக்கம் குமிழ்கள் இருப்பதால் அளவை விரலால் திருத்தலாம், மவுஸைத் தேட வேண்டாம். சாலிடரிங் அயர்ன் பிடிக்க விருப்பமில்லாதவருக்குத் தயங்காமல் சொல்வேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து சுங்கம் கட்டி வரவேண்டிய பொருள். ரிக்கை மாற்றினால் உள்ளே உள்ள ஜம்பரையும் மாற்ற வேண்டும், சில நேரம் கேபிளையும். மூன்றாவது வழியில் நம் கையால் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது.

ஐந்தாவது, ஐகாம் ஐசி-7300 மாதிரி சவுண்ட் கார்டை உள்ளேயே வைத்த ரிக். ஒரே யுஎஸ்பி கேபிளில் ஓசை, அலைவரிசை மாற்றம், பிடிடி மூன்றும் ஓடும். வசதியில் இதற்கு இணை இல்லை. மதுரையிலோ சென்னையிலோ உள்ளவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இங்கே சற்று யோசிக்கச் சொல்வேன். கேபிளின் தரைக்கம்பி கம்ப்யூட்டரையும் ரிக்கையும் நேராக இணைக்கிறது, ஃபெரைட் கட்டாயம். அதைவிட, உப்பேறிய யுஎஸ்பி வாயோ உள்ளே இருக்கும் ஒலி சிப்போ செத்தால் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியது சில நூறு ரூபாய் கார்டை அல்ல, முழு ரிக்கை. வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசியில் ரிக் பார்சலில் கிடப்பது நல்லதல்ல. இந்த ரிக் உள்ளவர்கள் அதன் பின்பக்க ஆக்சசரி சாக்கெட்டுக்கும் ஒரு கேபிள் செய்து, யுஎஸ்பி கார்டுப் பெட்டியை மாற்று வழியாக வைத்திருக்கலாம்.

ஆக என் தேர்வு மூன்றாவதுதான், விலைக்காக மட்டுமல்ல. இரண்டாவது கார்டு ஒன்றையும் வாங்கி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவைக்க முடிகிறது. சாலிடர் செய்த போர்டின்மேல் நிறமில்லாத வார்னிஷ் பூச முடிகிறது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கட்டியவருக்கே தெரிகிறது. தேவிபட்டினத்தில் ஒருவர் ஜாக்கே வேண்டாம் என்று கேபிளைப் போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டார். உப்புக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

எதை எடுத்தாலும் அளவு வைக்கும் முறை ஒன்றே. எஃப்டி8 ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் வெறும் இரைச்சல் மட்டும் வரும்போது மீட்டர் 30 டெசிபல் அருகில் நிற்கட்டும். அனுப்பும்போது ரிக்கின் ஏஎல்சி (அனுப்பும் அளவு மிகாமல் கட்டுப்படுத்தும் சுற்று) முள் அசையக் கூடாது. அசைந்தால் கம்ப்யூட்டரில் ஓசையைக் குறையுங்கள். 800 ஹெர்ட்ஸில் அனுப்பும் ஓசை கிழிந்தால் 1600, 2400 என்று போலி சிக்னல்கள் ரிக்கின் வடிகட்டிக்குள்ளேயே விழும். அதனால்தான் ரிக்கின் அனுப்பும் அலைவரிசையைத் தேவைக்கேற்ப நகர்த்தும் ஸ்ப்ளிட் வசதியை மென்பொருளில் இயக்கி ஓசையை 1500க்கும் 2000க்கும் இடையே வைக்கச் சொல்கிறார்கள். அப்போது இரட்டிப்பு 3000க்கு மேல் போய் வடிகட்டியில் நின்றுவிடும்.

நிலையங்கள் திடீரென்று குறைந்தால் உடனே சவுண்ட் கார்டைக் குறை சொல்லாதீர்கள். மழையில்லாத மாதங்களில் மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படிந்து, ஈரம் ஏறும் இரவில் மின்சாரம் கசிந்து பொரியும். எஃப்டி8 ஓடும் 7.074 மெகாஹெர்ட்ஸில் அது சரசரவென்று கேட்கும். ஒரு நல்ல மழை கழுவியதும் அடங்கும். அதற்கு முன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் பாருங்கள்: ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் தவறினால் எஃப்டி8 படிக்காமல் போகும். இணையம் இல்லாத நாளில் நேரம் எடுக்க ஒரு யுஎஸ்பி ஜிபிஎஸ்ஸையும் அந்த டப்பாவில் போட்டுவையுங்கள். கூரையிருந்தும் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் போன இரவில், இருபது மீட்டர் வயரும் ஒரு பேட்டரியும் இருந்தால் எம்ஜே99 (ஹாம்களின் உலக வரைபடத்தில் நம் பகுதியின் குறியீடு) கட்டத்திலிருந்து நம் ஊர்ப்பெயர் வெளியே போகும்.