வியர்க்காமல் உடற்பயிற்சி: மாடிப்படியா, அஞ்சடியா, சுவரா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் வேலை செய்பவருக்கு, உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். செய்தால் சட்டை நனைந்துவிடும் என்பது மீதிப் பாதி. கடைவீட்டு மாடி அலுவலகத்தில் குளிக்க இடம் ஏது? நகைக்கடை, வக்கீல் ஆபீஸ், கிளினிக், பள்ளிக்கூடம் என்று எங்கே இருந்தாலும் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். நனைந்த முதுகோடு அவர் முன்னால் போய் நிற்க யாருக்கும் மனசு வராது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்க் காற்றில் நிதானமாக இருபது நிமிடம் நடப்பவர் நனைந்துவிடுவார். மூச்சு வாங்க ஒரு நிமிடம் படி ஏறி, ஏசிக்குள் போய் உட்காருபவர் நனையமாட்டார். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் காரணம் எளிமையானது.

தசை வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு உடம்பில் சேரச் சில நிமிடங்கள் ஆகும். சேர்ந்த பிறகுதான் வியர்வை பெருக ஆரம்பிக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை, சட்டை கெடுவதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே நிறைய நீர் இருப்பதால் இங்கே ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே எவ்வளவு கடுமையாகச் செய்கிறோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் தொடர்ந்து செய்கிறோம், முடிந்ததும் எந்தக் காற்றில் நிற்கிறோம் என்பதுதான் சட்டையின் கதியைத் தீர்மானிக்கிறது. நடக்கும்போது பரவாயில்லாமல் இருந்து, ஆபீஸ் வாசலில் நின்றதும் கொட்டுவதும் இதனால்தான். உள்ளே சூடு இன்னும் இருக்கிறது, நடக்கும்போது உடம்பில் பட்ட காற்றோ நின்றுவிட்டது.

சரி, துண்டு துண்டாகச் செய்தால் கணக்கில் வருமா? வரும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வந்த வழிகாட்டியில் அது இல்லை.

முதலில் எல்லாரும் சொல்லும் விடிகாலை நடையைப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி சபா, சரவாக் நேரத்தோடு இணைத்ததிலிருந்து இன்னும் அரை மணி கூடுதல். அதனால் ஆறு மணி என்பது இன்னும் நல்ல இருட்டு, வெயிலின் நிழல்கூட இல்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர் கூப்பிடலுக்கு, ஆள் கூடும் நேரம் இது. வெப்பம் 24 டிகிரி அளவில்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். பிற்பகலில் விழுக்காடு குறைந்தாலும் காற்றில் உள்ள நீரின் அளவு பெரிதாக மாறுவதில்லை, கூடவே வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வெளியில் நடக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் 150 நிமிடக் கணக்கு முடிந்தது.

சிக்கல், நடைக்குப் பிறகு வரும் நேரத்தில் இருக்கிறது. வியர்வை உறுதி, குளியலும் உறுதி. நடந்து வந்த சூட்டோடு குளித்தால், துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வியர்க்கும். காற்றாடிக்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அரை மணி நடை என்பது ஒரு மணி நேரமாகிவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுச் சாப்பாடும் கட்ட வேண்டிய வீட்டில், அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது? பெரும்பாலும் வீட்டில் ஒருவர் நடந்துவிட்டு வருவார், இன்னொருவர் அடுப்படியில் நிற்பார். விடிகாலை நடையைப் புகழ்கிறவர்கள் இந்த இன்னொருவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் தெருநாய்களைப் பற்றியும்தான்.

அடுத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள கூரை நடைபாதையில், நடப்பது. அப்படி விட்டுக் கட்டிய பழக்கத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். வெளியே 32, 33 டிகிரி கொளுத்தினாலும் தலையில் வெயில் படாது. ஆனால் வேகமாக நடக்க விடமாட்டார்கள். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை மட்டம் மாறும், நடுவில் அரிசி மூட்டை இருக்கும், மோட்டாரை உள்ளேயே ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். ஆக இது மெதுநடைதான். பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டால் சட்டை தப்பிக்கும். கால் மணி தாண்டினால் கழுத்துப் பட்டி ஈரமாகும். நடுவில் ஏசி உள்ள பேரங்காடி ஒன்றுக்குள் நுழைந்து, ஒன்றும் வாங்காமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருவது நல்ல தந்திரம். பாதுகாவலர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இவ்வளவு மெதுவாக நடந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நம்மவர்களுக்கு இதில்தான் தனி லாபம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். சாப்பிட்டதும் நடந்தால் கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடனே எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. 2013இல் அமெரிக்காவில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்தால், காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததற்குச் சமமாக நாள் முழுவதற்கான சர்க்கரை அளவு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரைக்கோ இந்தத் துண்டு நடையே மேல். வாழையிலைச் சோறும் ஒரு தே தாரிக்கும் முடித்துவிட்டு மேசையில் சாய்கிறவர் இதை யோசிக்கலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பெரிய வேலை கொடுக்கிறதா என்றால், இல்லை.

அந்த வேலையைக் கொடுப்பது மாடிப்படி. நம்ம ஊர்க் கடைவீட்டு மாடிப்படி செங்குத்தாக, குறுகலாக, இருபது படிக்குக் குறையாமல் இருக்கும். வேறு எதற்கும் லாயக்கில்லாத அந்த அமைப்பு, பயிற்சிக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த மாதிரி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத இளைஞர்களை 60 படி ஏற வைத்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, இடையில் ஒன்றிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி, வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரம். முடிவில் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், அளவில் சிறிதானாலும் தெளிவாகக் கூடியிருந்தது. ஆய்வு 2019இல் வெளிவந்தது. நம் கணக்கில் 60 படி என்பது ஒரே மாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்குவது. இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பிரிட்டனில் கையில் கட்டும் கருவி வைத்து, உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன சுமார் 25,000 பேரைக் கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, படியில் விரைந்து ஏறுவது போல ஒன்றிரண்டு நிமிடக் கடும் அசைவுகள் நாளில் மூன்று இருந்தவர்களிடம், அப்படி எதுவுமே இல்லாதவர்களைவிட இறப்பு விகிதம் 38 முதல் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. கவனித்துச் சொன்னதுதானே தவிர, சோதித்து நிரூபித்தது அல்ல. ஏற்கெனவே திடமாக இருப்பவர்தான் படியில் விரைந்து ஏறுவார் என்ற சந்தேகத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இந்த விலைக்கு இவ்வளவு தருகிற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சட்டை? நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், நெற்றியில் லேசாகப் பொடிக்கும். சூடு உள்ளே சேருவதற்குள் முடிந்துவிடுவதால் அதோடு நின்றுவிடும். மேலே ஏசி இருந்தால் ஐந்து நிமிடத்தில் சுவடே தெரியாது. ஏசி இல்லாத மாடி என்றால் நான் உத்தரவாதம் தரமாட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். முட்டி வலி உள்ளவருக்கும் ஏறுவதைவிட இறங்குவதுதான் எதிரி. நெஞ்சு வலி, மயக்கம் என்று ஏதாவது முன்பு வந்திருந்தால், கிளினிக்கில் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். இன்னொன்று, வேலையிடத்தில் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டியிருக்கும். மூன்றாவது தடவையாக ஏறி வரும்போது, “அக்கா, கீழே எதையாச்சும் மறந்து வச்சிட்டீங்களா?” என்று ஒரு தங்கை கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை இறங்கலாம்.

சுவர் இதற்கு நேர் எதிர், அசையவே வேண்டாம். முதுகைச் சுவரில் ஒட்டி, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இறங்கி நிற்பது. 2023இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் நடை, ஓட்டம், எடை தூக்குவது எல்லாவற்றையும்விட இந்த அசையாப் பயிற்சி முன்னால் நின்றது, மேல் அளவில் சராசரியாக எட்டுப் புள்ளிக்கு மேல் குறைந்தது. வழக்கமான முறை இரண்டு நிமிடமாக நான்கு தடவை, இடையில் ஓய்வு, வாரத்தில் மூன்று நாள். தொடை நடுங்கும், ஆனால் மொத்தமாகச் செலவாகும் சக்தி குறைவு என்பதால் பெரிதாக வியர்க்காது. சேலை, பஞ்சாபி சூட், பாஜு கூரோங் எதிலும் செய்யலாம். பான்ட்ரியில் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. அடக்கினால் அந்த நேரத்துக்கு அழுத்தம் எகிறும். மருந்து சாப்பிட்டும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் தாங்காதவர் முப்பது விநாடியில் தொடங்கலாம், கொஞ்சம் மேலேயே நின்றுகொள்ளலாம்.

உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் பயிற்சி ஒன்று, 2022இல் ஹூஸ்டன் ஆய்வுக்குப் பிறகு காணொளிகளில் சுற்றியது. அதில் பங்கெடுத்தவர்கள் மணிக்கணக்கில் செய்தார்கள் என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை. கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்யலாம், தப்பில்லை. நின்றபடி வேலை செய்யும் உயர மேசைக்கும் பணம் போட வேண்டாம். உட்காருவதைவிட நிற்பதற்கு ஒரு மணி நேரத்தில் பத்துக் கலோரிகூட அதிகம் ஆகாது. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் துணிக்கடைப் பெண்களைக் கேட்டால் அதன் சுகம் தெரியும். சைக்கிளில் வேலைக்கு வருவது தாமானுக்குள் சரி, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் பெரிய சாலையில் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாலை பூப்பந்தும் ஜூம்பாவும் நல்லவைதான். ஆனால் அவை நனைவதற்கென்றே இருப்பவை, இந்தப் போட்டியில் சேரா.

எதை எடுப்பது? ஏசி ஆபீஸ்காரர் வேலை நாளில் படியையும் மதிய மெதுநடையையும் வைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கச் செய்வதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாம். ஏசி இல்லாத கடையில் இருப்பவருக்குப் படி அவ்வளவு ஒத்துவராது. அவர் சுவரையும், முடிந்தால் விடிகாலையையும் நம்பலாம், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமானில் ஒரு சுற்று. அதற்குப் பிறகு எப்படியும் குளிக்கத்தான் போகிறோம். எல்பில், கமுனிங் தோட்டங்கள் பக்கம் இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு இந்த அலசலே வேண்டாம். “நாளுக்கு நானூறு ஐந்நூறு ரப்பர் மரம் பால் வெட்டுனவளுக்கு நடை எதுக்குடா?” என்று எங்கள் தாமான் பாட்டி ஒருவர் கேட்பார். அவர் மரத்தை விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது, சர்க்கரை மாத்திரை இரண்டு வேளை. அவரையும் இப்போது இரவுச் சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம்.

அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை அடித்துப் பெய்யும் நாள்களில் கணக்கு கொஞ்சம் மாறும். அஞ்சடி முழுக்க ஒதுங்கி நிற்கும் ஆட்கள், மாடிப்படியின் கீழ்ப் பாதி எல்லார் செருப்புத் தண்ணீரிலும் வழவழவென்று இருக்கும். அன்றைக்கு மட்டும் சுவர்தான்.