மூன்ஸ்டர் இணையச் சுவடிக்கூடம்: சுவிசேஷத்தின் பழம்பிரதியை நேரில் பார்க்க

‘பின்னால் வந்தவர்கள் சுவிசேஷத்தைத் திருத்திவிட்டார்கள்’ என்ற வாதம் வேதபாட வகுப்புகளில் அடிக்கடி எழும். அதற்கு வாய்ப்பேச்சாகப் பதில் சொல்வதைவிடப் பிரதியையே திறந்து காட்டுவது மேல். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் குர்ட் ஆலன்ட் 1959-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு ஆய்வு நிறுவனம் நடத்தும் இந்த இணையக்கூடம் அதற்கு மிகவும் ஏற்றது. கட்டணம் கிடையாது.

ஒவ்வொரு பிரதிக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய சுவடி) 1-இல் தொடங்கும். பெரிய எழுத்துச் சுவடி 2, சிற்றெழுத்துச் சுவடி 3, ஆராதனை வாசகநூல் 4. முதலில் 10046-ஐத் திறவுங்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் எழுதப்பட்ட பவுல் நிருபத் தொகுப்பு இது. 104 ஏடுகளில் 86 மிஞ்சியிருக்கின்றன. அதில் 1 கொரிந்தியர் 15:3-8-ஐத் தேடுங்கள். பவுல் கி.பி. 55 வாக்கில் எழுதிய பகுதி; தாமே முன்பு பெற்றுக்கொண்ட செய்தி என்கிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கும் தரிசனமானார். அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். சாட்சிகளை விசாரிக்க வழி திறந்துவைத்துப் பேசுகிறவரின் பேச்சு அது.

புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ரோமருக்கு அடுத்து எபிரெயர் வரும். 1 கொரிந்தியர் அதற்குப் பிறகுதான். எழுத்து கிரேக்கம்; சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ‘கிறிஸ்து’ என்பதை முழுச்சொல்லாகத் தேடினால் கிடைக்காது; சுருக்கி எழுதி மேலே கோடு போட்டிருப்பார்கள்.

அடுத்து 20001, அதாவது சினாய் சுவடி எனப்படும் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க வேதாகமம். மாற்கு 16:8-ஓடு முடிகிறது. 9 முதல் 20 வரை இல்லை. யோவான் 7:53–8:11-உம் இல்லை. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்த்த தமிழருக்கு இது புதிதல்ல. இந்த வேறுபாடுகளை யாரும் மூடி மறைக்காததே எங்களுக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. உயிர்த்தெழுதலோ மாற்கின் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நம்பி நிற்கவில்லை, 10046-இலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. தமிழில் பக்கம் இல்லை. சில படங்களைப் பார்க்கப் பதிவும் அனுமதியும் வேண்டும். கைப்பேசித் திரையில் எழுத்து பிடிபடாது. இன்னொன்று: செய்தி சிதையாமல் வந்ததைத்தான் சுவடி காட்டும், அந்தச் சாட்சிகளை நம்புவதா என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். கணினியில், பக்கத்தில் தமிழ் வேதாகமத்தை விரித்துவைத்து, அந்த ஆறு வசனங்களிலிருந்து தொடங்குங்கள்.